சோப்பின் மறுபாதி

ஒரு பக்கம்தான் இருக்கு தம்பி. மறுபாதி எங்க?

இல்லல்ல, அப்படியெல்லாம் பண்ண முடியாது. சாவின்னா ரெண்டு பக்கம் இருக்கும்ல. சோப்ப நடுவுல பொளந்து, சாவிய உள்ள வச்சு, ரெண்டு பாதியையும் சேத்து அமுக்கியிருக்கீங்க. அதுவரைக்கும் கைவேலை சுத்தம். அப்புறம் ஒரு பாதிய மட்டும் கைக்குட்டையில சுத்திக்கிட்டு வந்து நின்னா? இந்தப் பக்கம் பல்லு தெரியுது. அந்தப் பக்கம் காடி, அதான் நீளப் பள்ளம், எப்படி ஓடுதுன்னு நான் என்ன கனவா காண முடியும்?

எங்க விட்டீங்கன்னே தெரியலையா? சரி, போகட்டும். ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், எண்ணெய் கொட்டியிருக்கு. இந்தப் பெட்டி மேல ஒக்காருங்க. செய்யவே முடியாதுன்னு சொல்லல. பல்லு வெட்டாத சாவி ஒண்ண எடுத்து வைஸ்ல மாட்டி, அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவிப் பாக்கறேன். நேரம் புடிக்கும். அவசரம்னா சொல்லுங்க, இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு கடை இருக்கு.

அங்க போயிட்டுத்தான் வர்றீங்களா. செய்யமாட்டேன்னுட்டாங்களா. ம்.

சரி, எதுக்கான சாவி?

கேக்கத்தான் செய்வேன். சோப்பக் கொண்டு வர்றவங்க யாரா இருந்தாலும் கேப்பேன். சாவி கையில இருக்கறவன் சாவியக் கொண்டு வருவான். சாவியத் தொலச்சவன் பூட்டக் கழட்டிக் கொண்டு வருவான். சோப்பக் கொண்டு வர்றவன் யாருன்னா, சாவி கொஞ்ச நேரம் கையில கெடச்சு, அத எடுத்த எடத்துலயே சத்தமில்லாமத் திரும்ப வச்சவன். மொறைக்காதீங்க, பொதுவாத்தான் சொன்னேன்.

பாட்டுக்குழு அலமாரியா? பாட்டுப் புஸ்தகம் வைக்கறதா? நல்ல விஷயம். அந்தப் பாட்டுகளயெல்லாம் யாரு திருடப் போறாங்கன்னு இப்படிப் பூட்டி வச்சிருக்காங்க? சும்மா கேட்டேன்.

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல. உள்ள ஒரு ஸ்டூல் கெடக்கு, ஒரு கால் கட்டை, நீளம் பத்தாது. காத்தடிச்சாலே ஆடும். திரைக்கு அந்தப் பக்கம் நான் மத்தியானம் கண்ணசர்ற எடம். நீங்க இங்க பாருங்க.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரியல, இல்ல? தெரியாது. நான் விடியக்காலை ஆராதனைக்கு வந்து, கடைசி பெஞ்சுல ஒக்காந்து, ஆமென் சொன்ன கையோட கடை தொறக்க ஓடிடற ஆளு. பெரிய ஆராதனைக்கெல்லாம் வர்றதில்ல. ஒரே ஒரு தடவ வந்தேன், அதுவும் வாசக்கதவு கீல் கிறீச்சிடுதுன்னு கூப்பிட்டாங்க. முடியட்டும்னு கதவுக்குப் பின்னால எண்ணெய் டப்பாவோட நின்னேன். அன்னிக்குத்தான் பெயிண்டர் நீ சாட்சி சொன்னே.

ஆமா, நீதான். இனிமே எதுக்கு வாங்க போங்கன்னு? என்னோட தம்பிங்களுக்கெல்லாம் எளையவன் நீ.

என்னமா அழுத! மைக்க ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு. குடிய ஆண்டவர் வேரோட புடுங்கிட்டாரு, அந்த வாடை பட்டாலே இப்ப எனக்குக் கொமட்டுதுன்னே. சபையே கை தட்டுச்சு. பாஸ்டர் ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. கதவுக்குப் பின்னால நான் மட்டும்தான் கை தட்டல. கையில எண்ணெய் இருந்துச்சு, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நீ அழறப்ப ஒரு கண்ணத் தொறந்து யாரு யாரு அழறாங்கன்னு பாத்தே. நான் பூட்டு சாவி வேலை பாக்கறவன். சின்ன ஓட்டை வழியா உள்ள பாக்கறது என் பொழப்பு.

அந்த வாரமே உன் பொண்டாட்டிக்கு சர்ச்சக் கூட்டிப் பெருக்கற வேலையும், பின்னால அந்த ஒத்த ரூமும் குடுத்தாங்க. கூடவே சாவிக்கொத்தும். அந்தக் கொத்துல பித்தளைச் சாவி ஒண்ணு இருக்கு. பாஸ்டர் அங்கி மாத்தற ரூம்ல, சுவத்தோட பதிச்ச சின்ன அலமாரி. அதுல என்ன இருக்கு, பாட்டுப் புஸ்தகமா? நற்கருணைக்கு வைக்கற திராட்சை ரசம். அந்தப் பூட்ட மாட்டினது யாருன்னு நெனக்கற? நான். உன் சோப்புல பதிஞ்சிருக்கற பல்லு என் அரம் ராவின பல்லு. இந்தச் சரிவு பாரு, இப்படிச் சாய்வா ராவறவன் இந்த ஊர்ல என்னைத் தவிர எவனும் இல்ல. பெத்த பிள்ளைய அப்பன்கிட்டயே கொண்டு வந்து, இது வேற யாரோங்கற.

என்னது? பாஸ்டரே அனுப்பினாரா? இப்ப ஞாபகம் வந்துச்சா? ஏன்யா, பாஸ்டர் ஆளனுப்பினா சாவியக் குடுத்து அனுப்புவாரா, சோப்பக் குடுத்து அனுப்புவாரா? எனக்குக் காதுல பூ சுத்தறதுன்னா கொஞ்சம் நல்ல பூவாச் சுத்து.

உங்க பாஸ்டரப் பத்தி எனக்கு ஒண்ணும் பெரிய அபிப்பிராயம் கெடையாது, அத சொல்லிடறேன். சோதனையப் பத்திப் பிரசங்கம்னா அவருக்கு நல்லாத் தொண்டை கிழியும். சாத்தானே போ, போன்னு, முற்றத்துல காக்கா ஓட்டற மாதிரி. நல்லாப் போவான்! ஆண்டவர் வனாந்தரத்துல உபவாசம் இருந்தப்ப அவன் எப்ப வந்தான்? மொத நாளா வந்தான்? தெம்பு இருக்கறப்ப வரவே இல்ல. நாப்பது நாளும் பொறுமையா இருந்து, பசி எடுத்தப்புறம் வந்தான். வந்தவன் கொம்பையா காட்டினான்? கீழ கெடந்த கல்லக் காட்டினான். பசிக்குதே உனக்கு, இத அப்பமாக்கிச் சாப்பிட்டா என்னன்னான். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, அக்கறையா. அப்பம் சாப்பிடறது பாவமா? இல்லையே. அதான் அவன் சாமர்த்தியம். அப்புறம் வேத வசனம் வேற சொன்னான். உங்க பாஸ்டர விட நல்லாவே சொன்னான், தப்பில்லாம.

கடைசியில எப்படிப் போனான் தெரியுமா? கொஞ்ச காலத்துக்குன்னு போனான். ஒரேயடியாப் போகல. அந்த எடம் வந்தா உங்க பாஸ்டர் மூச்சு விடாம தாண்டிடுவாரு. ஏன்னா அத வாசிச்சா உன்ன மாதிரி ஆளுங்களக் கூப்பிட்டு மைக்கக் குடுக்க முடியாது. நீ சாட்சி சொன்னியே, அன்னிக்கு உனக்கு வனாந்தரத்துல மொத நாளு, அவ்வளவுதான். அன்னிக்கே கை தட்டிட்டாங்க. மிச்ச நாளைக்கு ஒருத்தனும் கூட நிக்கல. அது அவங்க முட்டாத்தனம். நீ கைதட்டல வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அதையே சாப்பிட்டுக்கிட்டு இருந்தது உன் முட்டாத்தனம்.

ஞாயிறு பள்ளிப் புள்ளைங்க நாடகத்துக்கு அட்டையில கவசம், கேடயம், தலைக்கவசம்லாம் செஞ்சாங்களே, அதுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிச்சது நீதானே? வாசல்ல காய வச்சிருந்தப்ப பாத்தேன். வெயில்ல என்னமா மின்னுச்சு! ஒரு விரலால சுண்டினா உள்ள சொத சொதன்னு அட்டை. இந்த சபையில ஆவிக்குரிய போராட்டம்னா அதுதான். மேல ஒரு கோட் பெயிண்ட். உன் பொண்ணு கூட ஒரு கேடயத்தத் தூக்கிக்கிட்டு, எங்கப்பா அடிச்ச பெயிண்ட்டுன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு ஓடுச்சு. பாவம், அதுக்குத் தெரியுமா.

எந்திரிக்கறியா? எந்திரி. ரோஷம் வந்தா சந்தோஷம். கதவு தொறந்துதான் கெடக்கு, உன்ன யாரும் கட்டிப் போடல.

பாத்தியா, போகல. வைஸ்ல இருக்கற சாவிய ஒரு தடவ பாத்தே, திரும்ப ஒக்காந்துட்டே. நான் இவ்வளவு கேவலமாப் பேசறேன், நீ பொறுத்துக்கற. என்ன பொறுமை! இந்தப் பொறுமைய அந்த அலமாரிகிட்ட காட்டியிருந்தா நீ பரிசுத்தவான் ஆகியிருப்ப.

என்னது? சாத்தான் சோதிக்கறானா? போய்யா. உனக்காக அவன் மெனக்கெட்டு வந்தானாக்கும். ஏவாள்கிட்ட பாம்பு எவ்வளவு பேசுச்சுன்னு எடுத்து வாசிச்சுப் பாரு. ஒரு கேள்வி, ஒரு பொய், அவ்வளவுதான். அப்புறம் அது வாயே தொறக்கல. மிச்ச வேலைய அவளே பாத்துக்கிட்டா. மரத்தப் பாத்தா. நல்லாருக்கும் போலன்னு பாத்தா. கண்ணுக்கு அழகா இருக்கேன்னு பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. பாம்பு கொஞ்சம், பார்வை நெறைய. நீயும் எத்தன நாளா அந்த ரூம்ல வேலை இருக்கற மாதிரிப் போயிப் போயி நின்னு அந்த அலமாரியப் பாத்திருப்ப? சுவத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கான்னு பாக்கற மாதிரி. உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லியிருக்கும், இது கடைச் சரக்கு இல்ல, ஆண்டவரோட பந்தியில வைக்கறது, ஒரு மொடக்கு உள்ள போனா நல்லதுதானேன்னு. வனாந்தரத்துப் பசிக்குக் கல்லு, உனக்கு நற்கருணைக் கிண்ணம்.

தல குனியற. சரியாத்தான் சொல்லியிருக்கேன் போல.

சிம்சோன் மாதிரி விழுந்துட்டேனா? ஆகா, பெரிய பலசாலி. உன் வாயால அந்தப் பேரச் சொல்லாத. சிம்சோன் முட்டாளுதான், ஒத்துக்கறேன். தெலீலாள் அவனக் கயித்தால கட்டினா, அத்துக்கிட்டு எந்திரிச்சான். திரும்பப் போயி அதே மடியில படுத்தான். கண்ணப் புடுங்கறதுக்கு முன்னாடியே அவன் குருடன்தான். ஆனா அந்தக் கதையில நீ சிம்சோன் இல்லையே. தூங்கறவங்ககிட்டேருந்து, அவங்களுக்குத் தெரியாம, அவங்க பலத்த எடுத்தது யாரு? அந்தச் சாவிய உன் பொண்டாட்டி இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கா. குளிக்கறப்ப கூட கழட்டறதில்ல. வேலை முடிஞ்சு உடம்பு வலிக்குதுன்னு சுருண்டு படுத்தவ இடுப்புலேருந்து முடிச்ச அவுத்திருக்க. தெலீலாள் நீதான்யா. மீச வச்ச தெலீலாள்.

எனக்கு எப்படித் தெரியும்னு அப்புறம் சொல்றேன். இரு, பல்லு ஒண்ணு சரியா வரல.

ம்? என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு. உன் பொண்டாட்டி சாவியத் தொலச்சுட்டாளா. பாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு பயந்து, அவதான் சோப்புல அச்செடுத்து உன்ன அனுப்பினாளா.

அந்த ஸ்டூல விடு. ஸ்டூல் ஆடத்தான் செய்யும், நீ பேசற பேச்சுக்கு அதுக்கே உயிர் வந்துடும். என் மூஞ்சப் பாரு. தொலஞ்ச சாவிய எத வச்சுய்யா சோப்புல அமுக்கினா? வாய் கூசல உனக்கு? ஆதாம் பண்ணின அதே வேலை. அவ பாம்போட பேசறப்ப அவனும் பக்கத்துலதான் நின்னான், அந்த எருமை. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல. குடுத்தா, வாங்கித் தின்னான். ஆண்டவர் வந்து கேட்டதும் மட்டும் வாய் வந்துடுச்சு. நீர் குடுத்த பொம்பளதான் குடுத்தான்னான். பழத்தத் தின்னது கூட எனக்குப் பெருசில்ல. அந்த ஒரு பேச்சு இருக்கு பாரு, அதுக்காகவே அவனத் தோட்டத்த விட்டுத் தொரத்தலாம். நாளைக்குப் பாட்டில் கொறஞ்சா யாரக் கேப்பாங்க? உன்னையா? நீ சாட்சி சொன்ன மனுஷன், உன்ன எப்படிக் கேப்பாங்க. சாவி யாருகிட்ட இருக்கோ அவளத்தான் கேப்பாங்க. வேலை போகும், ரூம் போகும், சட்டி பானையெல்லாம் தெருவுல இருக்கும். அவ ஒளிவு மறைவில்லாமச் சொன்னவ, இன்னொரு தடவ ஏமாத்தினா பொண்ணக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்ப வரமாட்டேன்னு. அது சபைக்கே தெரியும். உனக்கும் தெரியும். தெரிஞ்சும் அவ தலையிலயே தூக்கிப் போடற.

பாட்டுக்குழு, பாஸ்டர், இப்ப பொண்டாட்டி. மூணு தடவ ஆச்சு. பேதுருவும் ஆண்டவரத் தெரியாதுன்னு மூணு தடவதான் சொன்னான். சுத்திமுத்திப் பாக்காத, இந்தக் கடையில சேவல் எல்லாம் இல்ல. கூவாது. அந்த ஆளாவது சேவல் கூவினதும் வெளிய போயி அழுதான், மைக் இல்லாம. யாரும் பாக்கல. அந்த அழுகைக்கு மரியாதை இருக்கு.

இந்தா, அரத்தக் கீழ வச்சுட்டேன். வேலை முடியல. முடிக்கறதா வேணாமான்னு இன்னும் எனக்கே தெரியல. ஒரே ஒரு கதை சொல்றேன், அதக் கேட்டுட்டு அப்புறம் நீ என்ன வேணா பண்ணு.

யாக்கோபத் தெரியும்ல? உன்ன விடப் பெரிய எத்தன். கண்ணு தெரியாத அப்பன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கணும்னு அண்ணனோட ரோமக் கை மாதிரி இருக்க, கையில ஆட்டுத்தோலச் சுத்திக்கிட்டுப் போனான். அப்பன் தடவிப் பாத்து, நீ யாருன்னு கேட்டாரு. அண்ணன் பேரச் சொன்னான். ஆசீர்வாதம் கெடச்சுச்சு. அதை வச்சுக்கிட்டு ஒரு நாளாவது நிம்மதியா இருந்தானா? ஊர விட்டு ஓடினான். அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு, ஆத்தங்கரையில தனியா நிக்கறான். யாரோ வந்து புடிக்கறாங்க. ராத்திரி பூரா மண்ணுல உருண்டு சண்டை. விடமாட்டேன், என்னை ஆசீர்வதிச்சாத்தான் விடுவேன்னான். அவரு என்ன கேட்டாரு தெரியுமா? உன் பேரு என்னன்னாரு.

அவருக்குத் தெரியாதா? ஆளு தெரியாமலா வந்து ராத்திரி பூரா சண்டை போடுவாரு? தெரியும்யா. மொத தடவ இதே கேள்விக்குப் பொய் சொன்னானே, அந்தக் கேள்விதான் இது. இவன் வாயால வரணும்னு கேட்டாரு. தோலு இல்ல, அண்ணன் பேரு இல்ல. யாக்கோபுன்னான். அந்தப் பேருக்கு ஏமாத்தறவன்னு அர்த்தம், அது நான்தான்னான். அதுக்கப்புறம்தான் ஆசீர்வாதம். தொடை பிசகி நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனான். போராட்டத்துல ஜெயிச்சவன் நொண்டிக்கிட்டுத்தான் போனான். உங்க சர்ச்சுல சாட்சி சொல்லிட்டு மேடையிலேருந்து எறங்கினவன் எவனாவது நொண்டி நீ பாத்திருக்கியா? எல்லாரும் துள்ளிக்கிட்டு எறங்கறாங்க. அதான் எனக்கு ஒருத்தன் மேலயும் நம்பிக்கை இல்ல.

உன் மேலயும் இல்ல. முன்னாடியே சொல்லிடறேன்.

இப்ப நான் கேக்கறேன். நான் ஒண்ணும் ஆண்டவர் இல்ல, பூட்டுக் கடைக்காரன். எண்ணெய்க் கையி, கெட்ட வாயி. அதனால உனக்கு ஒண்ணும் பயமில்ல, மானம் போகற எடமும் இல்ல, போறதுக்கு மிச்சமும் இல்ல. இந்தச் சாவி யாருக்கு? எதுக்கு?

சுவத்தப் பாக்காத. அதுல மாட்டியிருக்கறது எல்லாம் பல்லு வெட்டாத சாவிங்க, அதுங்க எதையும் தொறக்காது.

சொல்ல வர்ற. மெதுவாவே வரட்டும். நான் எங்கயும் போகல.

ம்?

என்ன?

ம். சொல்லிட்டியே.

இல்ல, அழாத. அழுகைய நிறுத்து, அத நான் ஏற்கனவே பாத்துட்டேன், அதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது. இப்ப சொன்னே பாரு, அந்த ரெண்டு வார்த்த, அதுக்குத்தான் மதிப்பு. எனக்குத்தான், குடிக்கத்தான்னே. அப்படியே இரு, அதுக்குப் பக்கத்துல வேற எதையும் சேக்காத, கெடுத்துடுவ.

சாவி? அது கெடையாது. இந்தா, வைஸ்லேருந்து எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். அந்தப் பூட்டுக்கு நான் இன்னொரு சாவி வெட்டறதா இருந்தா என் கைய முதல்ல வெட்டணும்.

எனக்கு எப்படி எல்லாம் தெரியும்னு கேட்டியே. உன் பொண்ணக் குளிப்பாட்டறப்ப சோப்புல சாவியோட பல்லு பதிஞ்சிருந்துதாம். நீ வர்றதுக்கு முன்னாடியே, பூட்ட மாத்தணும்னு ஒரு ஆளு இங்க வந்தாச்சு. புதுப் பூட்டு எடுத்துக் காட்டினேன், வேணாம்னுட்டா. குடிச்சாக் கூட பரவாயில்லண்ணே, அவரு வாயிலேருந்து ஒரு நெசம் வந்தா போதும், கட்டி எடுத்துக்கிட்டு வந்த துணிப்பைய வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போயிடுவேன்னா. அதெல்லாம் வராதும்மா, நீ பஸ்ஸப் பிடிச்சு அக்கா வீட்டுக்குப் போன்னு நான்தான் சொன்னேன். அதுக்குள்ள நீ வாசல்ல வந்து நின்னுட்டே.

அதனால, அதயே இன்னொரு தடவ சொல்லு. கொஞ்சம் சத்தமா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. சோப்போட மறுபாதிய மடியில வச்சுக்கிட்டு அந்தக் கட்டைக்கால் ஸ்டூல்ல ஒக்காந்திருக்காளே, அவளுக்குக் கேக்கணும்.